கற்பிப்பவரும் விற்பவரும்

நம் பல்கலைக்கழகத்தின் வட வளாகத்திலிருந்து முகர்ஜி நகர் அதிகத் தொலைவில் இல்லை. மாலை வேளையில் அங்கே நடந்து செல்பவர், வீட்டுச் சுவரே தெரியாதபடி மாடிக்கு மாடி தொங்கும் விளம்பரப் பலகைகளைக் காண்பர். ஒவ்வொன்றிலும் தேர்வில் வென்ற மாணவர்களின் படங்கள். நடுவே கைகட்டி நிற்கும் ஓர் ஆசிரியரின் படம். அந்தப் பலகைகளுக்குப் பின்னால் உள்ள அறைகளில் மாணவர் படும் பாட்டைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். 2023 ஜூன் 15 அன்று அங்கே ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தபோது மாணவர்கள் சன்னல் வழியே கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கியதும், 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்து மூவர் இறந்ததும் நாடெங்கும் பேசப்பட்டன. அதே அறைகளில் வேலை செய்பவர்களைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

இதை நம் மன்ற மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் நண்பர்களில் பௌதிகம், இரசாயனம், கணிதம், உயிரியல் படிப்பவர்கள் பலர். முதுகலை முடித்து, நெட் தேர்வுக்கும் ஆராய்ச்சி இடத்துக்கும் காத்திருக்கும் இரண்டொரு ஆண்டுகளில் அவர்களுக்கு எளிதில் கிடைப்பது பயிற்சி நிறுவன வேலையே. இளங்கலை முடித்த கையோடு நானும் 11 மாதம் அத்தகைய ஒரு நிறுவனத்தில் இருந்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து படிக்க வந்தவனுக்குத் தில்லியில் அறை வாடகை கொடுக்க ஏதேனும் வருமானம் வேண்டுமல்லவா? நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் கண்டவை அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பது, வேறு இடங்களில் வேலை பார்த்த நண்பர்களோடு பேசியபோது தெளிவாயிற்று.

பயிற்சி நிறுவனம் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் பார்ப்போம். பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுதோறும் மாணவர் தாமே வந்து சேர்கின்றனர். பயிற்சி நிறுவனமோ ஒவ்வொரு மாணவரையும் தேடிப் பிடிக்க வேண்டும். ஆகவே அங்கே இருவகை ஊழியர் உண்டு. ஒருவகையினர் கற்பிப்பவர். பாடம் நடத்தும் ஆசிரியர், ஐயம் தீர்க்கும் 'டவுட்' ஆசிரியர், வினாத்தாள் தயாரிப்பவர் ஆகியோர் இதில் அடங்குவர். மற்றொரு வகையினர் விற்பவர். ஆனால் அப்படி அவர்களை யாரும் அழைப்பதில்லை, 'கவுன்சிலர்' என்பார்கள். 'லீடு' எனப்படும் பெயரும் தொலைபேசி எண்ணும் கணினியில் வந்து விழும். அந்த எண்ணை அழைத்துப் பேசி, இலவச 'டெமோ' வகுப்புக்கு வரவழைத்து, கட்டணம் கட்டச் செய்வது அவர் வேலை. நான் சேர்ந்தது முதல் வகையில். எங்கள் கிளையில் கற்பித்தவர் 9 பேர். விற்றவர் 26 பேர். கிளைக் கூட்டத்தில் யாருடைய கவலை முதலில் பேசப்படும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இத்தொழில் 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது திடீரென வீங்கியது. பள்ளிகள் திறந்ததும் வற்றத் தொடங்கியது. பைஜூஸ் நிறுவனம் தன் 50,000 ஊழியரில் ஏறத்தாழ 2,500 பேரை நீக்கப்போவதாக 2022 அக்டோபரில் அறிவித்தது. 2024 ஜூலையில் பெங்களூரில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் அதன்மீது திவால் நடவடிக்கை தொடங்கிற்று. 2025 ஜனவரியில் வட இந்தியாவில் ஒரு பெரிய நுழைவுத்தேர்வுப் பயிற்சி நிறுவனத்தின் ஆசிரியர்கள் சம்பளம் வரவில்லை என்று விலக, பல கிளைகள் மூடப்பட்டதைச் செய்தித்தாள்களில் படித்தோம். நான் வேலைக்குச் சேர்ந்தது இப்படி வற்றிக்கொண்டிருந்த காலத்தில்தான். வீங்கிய நாளில் வகுத்த இலக்குகள் அப்படியே இருந்தன, மாணவர்தான் குறைந்திருந்தனர். அங்கே நான் கண்ட கடுமையில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தது என்று எண்ணுகிறேன்.

நிற்க. இலக்கு என்று சொன்னேன். அங்கே அதை 'டார்கெட்' என்பார்கள். குடிநீர்க் குழாயருகே ஒரு வெள்ளைப் பலகை. அதில் 26 பேரின் பெயரும் அவரவர் அந்த வாரம் சேர்த்த மாணவர் தொகையும் எழுதப்பட்டிருக்கும். ஒரு சேர்க்கை முடிந்தால் அவர் மேசை மணியை அடிக்க வேண்டும். மற்றவர் கைதட்ட வேண்டும். இரவு ஒன்பதரை மணிக்கு அதே வரிசை வாட்ஸப் குழுவில் வரும். மறுநாள் காலைக் கூட்டத்தில் கடைசி மூவர் நின்றுகொண்டே, ஏன் குறைந்தது, இன்று என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். ஒருநாள் அப்படி நின்றவர்களில் விழுப்புரம் பக்கத்துப் பெண் ஒருவரும் இருந்தார். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவர் முதலிடத்தில் வந்து ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகப் பெற்றிருந்தார். உணவு வேளையில் அவர் என்னிடம், "அப்பவும் நான் புதுசா ஒண்ணும் செய்யலை, இப்பவும் எதையும் விடலை. என்ன வித்தியாசம்னே தெரியலைண்ணா" என்றார்.

அவர் சொன்னது அனுதாபத்துக்காகச் சொன்ன சொல் அன்று. கணக்கில் சரியான சொல். போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு வாரத்துக்கு 150 எண்கள் வருகின்றன என்றும், அழைக்கப்படுவோரில் 100க்கு இருவர் சேர்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 26 பேரும் திறமையில் இம்மியும் வேறுபாடு இல்லாதவர் என்றும் கொள்வோம். சராசரி ஒருவருக்கு 3 சேர்க்கை. ஆனால் எல்லோருக்கும் மூன்று மூன்றாக வராது. நிகழ்தகவு விதிப்படி, எந்த வாரத்தை எடுத்தாலும் 26 பேரில் ஏறத்தாழ ஒருவர் பூச்சியத்தில் இருப்பார். இருவர் ஆறு அல்லது அதற்கு மேல் காட்டுவர். யார் அந்த ஒருவர், யார் அந்த இருவர் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். பலகையோ ஒருவரைச் சோம்பேறி என்றும் மற்றவரைச் சூரர் என்றும் எழுதிக் காட்டும். திறமையில் வேறுபாடே இல்லாத இடத்தில் இப்படி.

திறமை வேறுபாடு உலகில் இல்லை என்று நான் வாதிடவில்லை. ஒருவர் 100க்கு இருவரையும் மற்றவர் 100க்கு மூவரையும் சேர்க்கவல்லவராக இருக்கலாம். அது பெரிய வேறுபாடுதான். ஆயினும் அதையும் தற்செயலிலிருந்து ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய, இதே கணக்கின்படி சுமார் 13 வாரத் தொகைகள் தேவை. ஒரு வாரத் தொகையை வைத்து ஒருவரை நிற்க வைப்பது, ஒருமுறை மட்டும் அளந்துவிட்டுப் பிழை வரம்பு குறிக்காமல் ஆய்வேட்டில் எழுதுவது போன்றது. நம் ஆய்வுக்கூடத்தில் அப்படி எழுதினால் பேராசிரியர் குறிப்பேட்டைத் திருப்பித் தருவார்.

இதை நிறுவனத் தலைவர்களுக்கு விளங்கும்படி செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங் (1900–1993) யேல் பல்கலைக்கழகத்தில் 1928இல் கணிதப் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1950இல் ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள பொறியியலாளருக்கும் ஆலைத் தலைவர்களுக்கும் தரக் கட்டுப்பாடு பற்றிச் சொற்பொழிவு ஆற்றியவர். பிற்காலத்தில் தம் வகுப்புகளில் அவர் ஒரு விளையாட்டை நடத்துவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. வந்திருப்பவர்களில் ஆறு பேரைத் தொழிலாளராக அமர்த்துவார். ஒவ்வொருவரும் 50 குழிகள் கொண்ட ஒரு தட்டையான துடுப்பைப் பெட்டியில் விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல சரக்கு; சிவப்பு பழுது. டெமிங்கே மேலாளர் வேடம் பூணுவார். சிவப்பு குறைவாக எடுத்தவரைப் புகழ்வார். அதிகம் எடுத்தவரை எல்லோர் முன்னும் கடிந்துகொள்வார். சுவரில் முழக்கங்களை ஒட்டுவார். மூன்றாம் நாள் கணக்கு முடிந்ததும் மோசமான மூவரை நீக்கிவிட்டு, நல்ல மூவரையே இருமடங்கு வேலை செய்யச் சொல்வார். மறுநாள் அந்த நல்லவர்களும் முன்போலவே சிவப்பு மணிகளைக் கொண்டுவருவர்! பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு இருக்கும்வரை 50 குழிகளில் சராசரியாகப் பத்து சிவப்பு வரத்தான் செய்யும். 2 முதல் 18 வரை எது வந்தாலும் அது பெட்டியின் வேலை; எடுத்தவர் கையின் வேலை அன்று. பெட்டியை மாற்றும் அதிகாரம் மேலாளரிடம் இருக்கிறது, தொழிலாளியிடம் இல்லை.

வேலைக்கு எண்ணிலக்கு வைப்பதை டெமிங் எதிர்த்தார். வேலையிடத்திலிருந்து அச்சத்தைப் போக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அச்சம் ஊழியருக்குத் துன்பம் என்பதற்காக மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. அஞ்சியவன் உண்மையான எண்ணை மேலே அனுப்பமாட்டான். எங்கள் கிளையில் இதைக் கண்ணால் கண்டேன். மாதக் கடைசியில், பின்னால் விலகிக்கொள்ளலாம் என்று சொல்லி முன்பணம் மட்டும் வாங்கிய சேர்க்கைகள் பெருகும். அடுத்த மாதம் முதல் வாரத்தில் அவை உதிரும். எண்களைப் பங்கிட்டுத் தருபவர், தமக்கு வேண்டியவருக்கு நல்ல எண்களைத் தருகிறார் என்ற முணுமுணுப்பு ஓயாது. மற்றொன்று இவற்றினும் கொடியது. மாதத் தவணை என்று பெற்றோரிடம் சொல்வது பல நேரங்களில் ஒரு நிதி நிறுவனம் தந்தையின் பெயரில் தரும் கடன். பிள்ளை ஒரு மாதத்தில் வகுப்பை விட்டுவிட்டாலும் கடன் நிற்காது. இதை விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் பிடிக்கும். சொன்னால் பத்தில் சிலர் பின்வாங்குவர். பலகையைப் பார்த்தபடி பேசுகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் வராது. அவர் கெட்டவர் என்பதனால் அன்று.

கற்பிப்பவருக்கும் ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் மாணவர் நட்சத்திரம் இடுவர். ஐந்துக்கு நாலரை குறைந்தால் அழைப்பு வரும். சுழற்சி இயக்கத்தில் கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்து மாணவரைத் தாமே போராடவிடும் ஆசிரியருக்கு நட்சத்திரம் குறையும்; விடையைப் பாடிக் காட்டுபவருக்கு ஏறும். எங்களில் மூத்த ஆசிரியர் ஒருவர், இருபது ஆண்டு அனுபவம் உடையவர், இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். முதல் ஒன்றரை மணி நேரம் தம் வழியில் நடத்துவார்; கடைசிப் பத்து நிமிடம் வேடிக்கைக் கதை சொல்லி நட்சத்திரம் வாங்குவார். கெட்டிக்காரர்! ஆனால் அவரைப் போன்றவர் அந்தப் பத்து நிமிடத்தை அதற்குச் செலவிட வேண்டியிருந்ததே என்று எனக்கு வருத்தம்.

இனித் தமிழர்களாகிய நமக்கே உரிய ஒரு பகுதிக்கு வருகிறேன். 2017 முதல் தமிழ்நாட்டிலும் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அதன்பின் வடக்கே உள்ள நிறுவனங்களுக்கும் தமிழ் பேசும் வீடுகள் ஒரு சந்தையாயின. 'தமிழ் தெரிந்தவர் தேவை' என்ற விளம்பரம் நம் வளாகத்து மாணவர் கைபேசிகளுக்கு வருவது இதனால்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்க்கைக் காலம். அப்போது ஆசிரியரும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் தொலைபேசியில் அமர வேண்டும் என்பது எங்கள் கிளை வழக்கம். பேசவேண்டியதை எழுதித் தந்திருந்தார்கள். நெல்லை, தூத்துக்குடி எண் என்றால் 'அண்ணாச்சி'. கோவை எண் என்றால் 'ஏனுங்க'. தாய் எடுத்தால் எங்கும் 'அக்கா'. யாரோ தமிழர் ஒருவர் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார். நம் ஊரில் அண்ணாச்சி என்றால் கடன் கேட்கலாம், சண்டை போடலாம், கல்யாணத்துக்கு வரச் சொல்லலாம். முறைப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் அதற்குள் ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது. அந்தப் பொறுப்பை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் எழுதித் தந்திருந்த அந்தத் தாள், அங்கே நான் கண்டவற்றுள் என்னை மிகவும் உறுத்திய பொருள்.

சாத்தூர்ப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் ஒருநாள் என் அழைப்பை எடுத்தார். நான்கு வாக்கியம் பேசுவதற்குள் இடைமறித்தார்.

"தம்பி, நீங்க வாத்தியாரா, இல்ல விக்கிறவரா?"

"வாத்தியார்தான் அண்ணாச்சி. இந்த ரெண்டு மாசம் மட்டும் போன்ல உக்கார வச்சிருக்காங்க."

"அப்பம் ஒண்ணு கேக்கேன். எம் மகளுக்குப் பதினொண்ணாங் கிளாஸ் பாடமே இன்னும் பிடிபடல. இப்பமே இதுலயும் சேத்துவிட்டா ரெண்டையும் தாங்குவாளா?"

"மொதல்ல அந்தப் பதினொண்ணாம் வகுப்புப் புஸ்தகத்தையே மறுபடி படிக்கட்டும் அண்ணாச்சி. அதுக்குப் பணம் வேண்டாம். அப்புறம் பாத்துக்கலாம்."

அழைப்புகள் எல்லாம் பதிவாகும். தரப் பிரிவு என்று ஒன்று அவற்றைக் கேட்டு மதிப்பெண் இடும். இந்த உரையாடலுக்கு 100க்கு 40 கிடைத்தது. 'முடிக்க முயலவில்லை' என்பது குறிப்பு. மேலாளர் அழைத்தார். அவருக்கு 28 வயது, பீகாரில் தர்பங்காப் பக்கம், இரசாயனப் பட்டதாரி. ஒலிப்பதிவை ஓடவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். பின்னர் இந்தியில் சொன்னார்: "நீ சொன்னது சரிதான். இந்த மாதம் என் கிளைக்கு 110 சேர்க்கை. இன்னும் 41 பாக்கி. இரவு பதினொன்றுக்கு மண்டல மேலாளர் ஜூமில் வருவார். அவரிடம் இதைச் சொல்லட்டுமா?" அன்று இரவு அவர் ஜூமில் பேசியதைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். நின்றுகொண்டே பேசினார்.

அவரும் பெட்டியிலிருந்து மணிகளை எடுப்பவரே. சற்றுப் பெரிய துடுப்பு, அவ்வளவுதான். நான் விலகுவதற்கு முன்பே அவரை விலக்கிவிட்டார்கள். ஆனால் அவரை முழுவதும் விடுவித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. இலக்கு மேலிடத்திலிருந்து வந்தது. கடைசி மூவரை நிற்க வைப்பது மேலிடத்து உத்தரவு அன்று. அது அவரே கண்டுபிடித்தது. கான்பூரில் உள்ள அதே நிறுவனத்தின் கிளையில் அவ்வழக்கம் இல்லை என்று அங்கிருந்து மாற்றலாகி வந்தவர் சொன்னார். அங்கும் இலக்கு உண்டு. எட்டவில்லை என்றால் மேலாளர் தனியே அழைத்துப் பேசுவாராம். ஆகவே, மேலிருந்து வரும் அழுத்தம் ஒன்றாக இருந்தாலும் அதை எவ்வாறு கீழே இறக்குவது என்பதில் ஒரு மேலாளருக்குச் சிறிது இடம் இருக்கத்தான் செய்கிறது.

இவ்வேலையில் நன்மையே இல்லை என்று நண்பர்கள் நினைத்துவிடக் கூடாது. மூன்றாண்டு இளங்கலையில் கற்றதைவிட, ஐயம் தீர்க்கும் மேசையில் அமர்ந்து இயக்கவியலை நான் அதிகம் கற்றேன். பதினாறு வயதுப் பிள்ளை கேட்கும் 'ஏன்' என்பதற்கு முன்னால் மனப்பாடம் நிற்காது.

இனிச் சம்பளமும் சட்டமும். எனக்குக் கொடுத்த தாளில் ஊழியர் என்ற சொல்லே இல்லை. 'ஆலோசகர்' என்று இருந்தது. மாதம் வரும் தொகை சம்பளம் அன்று, 'தொழில்முறைக் கட்டணம்'. அதில் 100க்கு 10 வரியாகப் பிடித்துக்கொண்டு மீதி வரும். வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். எங்களில் பாதிப்பேர் அதைக்கூடச் செய்யவில்லை. ஆலோசகருக்கு வருங்கால வைப்பு நிதி இல்லை; விடுப்புச் சம்பளம் இல்லை. ஆனால் காலை பத்து மணிக்குக் கைரேகை வைக்க வேண்டும். வேறு எங்கும் கற்பிக்கக் கூடாது. ஆலோசகர் என்று எழுதிவிட்டதாலேயே ஒருவர் ஆலோசகர் ஆகிவிடமாட்டார் என்பது நெடுநாளைய சட்டக் கருத்து. சௌராஷ்டிர உப்பளத் தொழிலாளர் வழக்கில் 1956இலேயே உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தின் பெயரைக் காட்டிலும் வேலையின்மீது யாருக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதையே பார்த்தது.

ஆனால் ஊழியர் என்று ஒப்புக்கொண்டாலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1978இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு, கல்வி நிறுவனமும் 'தொழில்' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று கூறிற்று. பத்தாண்டு கழித்து 1988இல், கோவாவில் ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கு வந்தது. பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியர் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளி அல்லர் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. கல்வி புகட்டுவது உடலுழைப்போ எழுத்தர் வேலையோ தொழில்நுட்ப வேலையோ அன்று. அது உயர்ந்த ஒரு தொண்டு என்பது காரணம். புகழுரைதான், ஆனால் அதன் பயன், வேலை போனால் ஆசிரியருக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு திறக்காது என்பது. 1994இல் சாண்டோஸ் வழக்கில், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் செய்யும் விற்பனை வளர்ச்சி வேலையும் அவ்விலக்கணத்தில் அடங்காது என்று அரசியல் சாசன அமர்வு கூறியது. ஆகப் பயிற்சி நிறுவனத்தில் கற்பிப்பவர், விற்பவர் இருவருமே அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றனர். அதே நிறுவனத்தில் மாணவர் கட்டும் கட்டணத்துக்கு அரசு 18 விழுக்காடு சரக்கு சேவை வரி வாங்குகிறது. வரி போடும்போது அது தொண்டாகத் தோன்றவில்லை.

1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்கணத்தில் பத்திரிகையாளரும், 1976ஆம் ஆண்டுச் சட்டம் குறிக்கும் விற்பனை வளர்ச்சி ஊழியரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டனர். ஆசிரியரின் பெயர் அதில் இல்லை. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் சற்று அகலமானது, மேலாளரையும் உள்ளடக்குவது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வரவேண்டும். விலகினாலும் விலக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களில் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு ஊழியருக்கும் பணி ஆணை தரவேண்டும் என்பது உடன்வந்த மற்றொரு தொகுப்புச் சட்டம். பணிக்கொடையைப் பொறுத்தவரை ஆசிரியருக்கு நல்ல செய்தி முன்பே உண்டு. 2004இல் உச்ச நீதிமன்றம் ஆசிரியருக்கு அது இல்லை என்றது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்று ஆக்கிற்று. 2022இல் அத்திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிகளில், மாணவருக்கும் ஆசிரியருக்கும் வார விடுமுறை தரவேண்டும் என்று இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் அதைப் படித்தவர் எவரையும் நான் சந்திக்கவில்லை.

கடைசியாக, நண்பர்கள் அதிகம் கேட்பது 'பாண்டு' பற்றி. இரண்டாண்டு கழியாமல் விலகினால் இவ்வளவு இலட்சம் கட்டவேண்டும் என்று எழுதி வாங்குவது. இது செல்லாது என்று துணிந்து சொல்பவரும், தப்பவே முடியாது என்று அஞ்சுபவரும் நம்மிடையே இருக்கிறார்கள். இருவர் பேச்சும் முழுதும் சரியன்று. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகும் அதிகாரி இரண்டு இலட்சம் தரவேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பொதுத்துறை வங்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்க விளம்பரம், போட்டித் தேர்வு என்று செலவிட வேண்டியிருப்பதைக் காரணமாகக் கொண்டது. ஒரு தொலைபேசிப் பேட்டியிலும் மூன்று நாள் பயிற்சியிலும் நம்மை அமர்த்தும் நிறுவனம் அதே காரணத்தைச் சொல்வது கடினம். மேலும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்கு மேற்படாமல் நியாயமான ஈட்டையே நீதிமன்றம் அளிக்கும். பாண்டைவிட நான் அஞ்சுவது மூலச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வதை. பாண்டுக்கு வழக்கு நடத்த அவர்கள் வக்கீலிடம் போக வேண்டும். சான்றிதழ் அவர்கள் அலமாரியில் இருந்தால் நாம்தான் அலைய வேண்டும். நகல் மட்டும் கொடுங்கள்.

வேலைக்குப் பேசப் போகிறவர், இதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார், ஏன் போனார் என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்தையும் பாருங்கள். சட்டத்துறையில் பயிலும் நம் மன்ற நண்பர் இருவர், பணி ஆணைகளைப் படித்து விளக்க இசைந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மன்ற அறையில் இருப்பார்கள். ஆணை வைத்திருப்போர், பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மறைத்து ஒரு நகல் எடுத்து வரலாம்.